ஒரே வீட்டுக்கு இரண்டு டிஷ்

காற்றில் இரண்டும் நடுங்கிக்கொண்டிருக்கின்றன, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரோரம் அவருடையது, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் என்னுடையது, இரண்டும் கிழக்கு வானத்தைத்தான் பார்க்கின்றன, ஆனால் ஒரே இடத்தை அல்ல, அவருடையது கொஞ்சம் வலப்பக்கம் திரும்பி, என்னுடையது கொஞ்சம் மேலே நிமிர்ந்து, ஈரத் துண்டைக் கொடியில் போட்டுக் கிளிப் மாட்டும்போதெல்லாம் இதைப் பார்க்கிறேன், ஆடிக் காற்று உடுமலைப்பேட்டையில் எதையும் சும்மா விடுவதில்லை, பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வருகிற காற்று, டிஷ்ஷின் கம்பியைப் பிடித்து ஆட்டி முனகவைக்கும், ஏனுங்க, ஒரே வீட்டுக்கு எதுக்குங்க ரெண்டு டிஷ் என்று பக்கத்து மாடியிலிருந்து ஓர் அம்மாள் கேட்டபோது, அது அப்படியே அமைஞ்சுபோச்சுங்க என்றேன், அதுதான் உண்மையும், ஐம்பத்தைந்து வயதில் இரண்டாம் கல்யாணம் பண்ணிக்கொண்டு வருகிறவள் கொண்டுவர வேறென்ன இருக்கும், கொஞ்சம் துணிமணி, ஒரு கிரைண்டர், என் டிவி, அதன் டிஷ், எல்லாவற்றையும் ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு, டிவியை மட்டும் போர்வையில் சுற்றி மடியில் வைத்தபடி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன், ஒவ்வொரு வேகத்தடையிலும் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டேன், அந்த டிரைவர், கொழந்தயாட்டம் புடிச்சிருக்கீங்களேம்மா என்று சிரித்தார்.

கொழந்தையும் இல்லை, ஒன்றுமில்லை, என் முதல் வீட்டுக்காரர் துரைராஜ் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகு நான் என் சம்பளத்தில் வாங்கியது அது, பஞ்சாலையில் நூல் சுற்றுகிற வைண்டிங் பிரிவில் வேலை, நாளெல்லாம் இயந்திரச் சத்தம், வெளியே வந்தால் காது ஓய்ந்து கிடக்கும், வீட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே இருக்கிற அமைதி அதைவிடப் பெரிதாக இருக்கும், அதனால் வேலைக்குக் கிளம்பும்போதே டிவியைப் போட்டுவிட்டுப் பூட்டிக்கொண்டு போவேன், திரும்பி வந்து பூட்டில் சாவியை நுழைக்கும்போது உள்ளே யாரோ யாருடனோ பேசிக்கொண்டிருப்பார்கள், சில நாள் சிரிப்பார்கள், நான் உடனே திறக்காமல் கொஞ்சம் நின்று கேட்டுவிட்டுத்தான் திறப்பேன், அதைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது, அதனுடன் இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

நான் இரண்டாவதாகக் கட்டிக்கொண்ட நாச்சிமுத்துவுக்கு அந்தக் காரியத்தை அவருடைய டிவி செய்திருக்கிறது, அவர் பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி கமலவேணி இறந்த பிறகு தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தவர், ஓசூரில் இருக்கிற மகள் சுகந்திக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை, யார் யாரையோ விசாரித்து என்னைக் கண்டுபிடித்து, வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா யாரையும் ஒண்ணும் சொல்ல மாட்டாருங்க, நீங்க வந்து கூட இருந்தா போதும் என்றாள், அவள் சொன்னது சரிதான், அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், வந்த அன்றே உள்ளறையை எனக்கென்று ஒழித்துக் கொடுத்தார், என் டிவிக்கு அலமாரியில் இடம் பண்ணினார், தானே மாடியேறி என் டிஷ்ஷை முடுக்கினார், அன்றிலிருந்து சாயங்காலமானால் அவர் ஹாலில், நான் உள்ளறையில், நடுவில் ஒரு திரைச்சீலை, அவர் செய்தி பார்ப்பார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஒரு நாள் என் தொடரில் மருமகள் அழ ஆரம்பிப்பதற்கு முன்பே ஹாலிலிருந்து அவள் அழுகிற சத்தம் கேட்டது, ஹாலில் ஒரு முறை அழுது முடித்து, பிறகு என் அறையில் அதே அழுகையை அழுதாள், இரண்டு கம்பெனி, இரண்டு டிஷ், அவருடையதில் கொஞ்சம் முந்தி வருகிறது, நாங்கள் இரண்டு பேரும் ஒரே தொடரைத்தான் தினமும் பார்க்கிறோம், சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், தெரிந்த பிறகும் நான் எழுந்து போகவில்லை, அவரும் வாங்க என்று கூப்பிடவில்லை, என்ன நடக்கப்போகிறது என்று ஹால் எனக்கு முன்கூட்டியே சொல்லிவிடும், நான் அதற்கும் பழகிவிட்டேன்.

சித்திரையில் விடுமுறைக்கு வந்த சுகந்திதான் ஆரம்பித்தாள், ஹாலுக்கும் உள்ளறைக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள், அன்றைக்கும் அந்த மருமகள் இரண்டு முறை அழுதாள், இதென்னப்பா கூத்து, சுவரளவு டிவி ஒண்ணு வாங்கித் தர்றேன், கனெக்‌ஷனை எச்டியாக்கிக்கலாம், ஒரு டிஷ் போதும், இன்னொண்ணக் கழட்டிரலாம் என்றாள், அவர் பாக்கலாம் கண்ணு என்றார், நானும் பாக்கலாம் என்றேன், எதைக் கழற்றுவது என்று அவள் கேட்டதும், உங்களுதயே வெச்சுக்கலாமுங்க என்று அவர் என்னிடம் சொன்னார், வேண்டாங்க, உங்களுதே இருக்கட்டும் என்று நான் சொன்னேன், இப்படி இரண்டு பேரும் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்ததில் ஒன்றும் முடிவாகவில்லை, சுகந்தி தலையில் அடித்துக்கொண்டு ஓசூருக்குப் போனாள், போன பிறகும் வாரம் தவறாமல் கேட்டாள், சின்னம்மா, என்னாச்சு.

என்ன ஆகும், அவருடைய கனெக்‌ஷன் கமலவேணியின் பெயரில் இருக்கிறது, மாதக் கடைசியில் ஹால் டிவியில் படத்துக்குக் கீழே எழுத்து ஓடும், அன்புள்ள கமலவேணி, உங்கள் கணக்கை ரீசார்ஜ் செய்யவும் என்று, அவர் உடனே எழுந்து போய்ச் செய்துவிட்டு வருவார், அவள் கைப்பேசியையும் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் சார்ஜ் போட்டே வைத்திருக்கிறார், கம்பெனிச் செய்தி அதற்குத்தான் வரும், நான் அதையெல்லாம் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை, ஆனால் என் டிவியும் கழன்று போய்விட்டால் இந்த வீட்டில் என் கையால் வாங்கியது என்று கிரைண்டர் ஒன்றுதான் மிஞ்சும் என்பதை ஒரு நாள் பாத்திரம் கழுவும்போது நினைத்தேன், நினைத்துவிட்டுப் பாத்திரத்தைக் கழுவினேன், என்னுடையதை எடுத்தால் நான் கமலவேணி வீட்டில் தங்கியிருப்பவள், அவருடையதை எடுத்தால் அவள் பெயரை எடுத்தவள், இதை யாரிடம் சொல்வது.

பிறகு ஆடி வந்து அவருடைய டிஷ்ஷைத் திருப்பிவிட்டது, ஹால் டிவியில் சிக்னல் இல்லை என்ற எழுத்து மட்டும், அவர் மாடிக்குப் போய்த் திருப்பிப் பார்த்தார், சரியாகவில்லை, இங்க வந்து பாருங்க என்று கூப்பிட்டேன், வந்தார், என் அறையில் இருக்கிறது ஒரு கட்டில், அதில் நான் உட்கார்ந்திருந்தேன், அவர் நிலைப்படியில் சாய்ந்து நின்றபடியே தொடர் முழுவதையும் பார்த்தார், உக்காருங்க என்றால் பரவால்லீங்க என்றார், முட்டிவலிக்காரர், விளம்பரம் வரும்போது காலை மாற்றிக்கொண்டார், இப்போதும் அது என் கண்ணில் நிற்கிறது, கட்டியவளின் அறையில், கேட்டால் நகர்ந்து இடம் விடக்கூடிய கட்டிலுக்கு முன்னால், பஸ்ஸில் இடம் கிடைக்காத ஆளைப்போல அவர் நிற்கிறார், அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது, இது டிவி விஷயம் இல்லை, இதை இப்படியே விடக் கூடாது.

மறுநாள் காலையில் கம்பெனிக்குப் போன் போட்டோம், கமலவேணியின் கைப்பேசியிலிருந்துதான் போட வேண்டும், டெப்போவில் இஞ்சின் சத்தத்திலேயே இருந்து அவருக்குக் காது மந்தம், போனில் பேச வராது, அதனால் என்னிடம் கொடுத்தார், எடுத்த பெண், கமலவேணி மேடமா பேசறீங்க என்றாள், நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார், இல்லை என்றால் பேச மாட்டார்கள் என்று தெரியும், ஆமாங்க என்றேன், பிறந்த தேதி கேட்டாள், பிறந்த தேதியா என்று நான் முழித்ததைப் பார்த்து அவர் மெதுவாகச் சொன்னார், நான் திருப்பிச் சொன்னேன், அவளும் என்னைப்போல ஆவணியில் பிறந்தவள் என்று அப்போதுதான் தெரிந்தது, எங்ககிட்ட ரொம்ப வருஷமா இருக்கீங்க மேடம், நன்றி என்றாள் அந்தப் பெண், டிஷ் திரும்பிப்போனதைச் சொன்னேன், அதைக் கேட்டுவிட்டு எச்டிக்கு மாற்றுவது பற்றி நிறையச் சொன்னாள், நான் உம் கொட்டினேன், அந்தக் கொஞ்ச நேரத்துக்கு நான் யாராக இருந்தேன் என்று தெரியவில்லை, கமலவேணியாக இருந்து கமலவேணியின் வீட்டுக்குப் புது டிவி வேண்டுமா என்று யோசித்தேன், அவளுக்கு வேண்டும் என்றுதான் பட்டது, யோசிச்சுச் சொல்றனுங்க என்று வைத்தேன், அவர் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

மத்தியானம் கண்ணயர்ந்தபோது கமலவேணி வந்தாள், ஹாலில் மாட்டியிருக்கிற போட்டோவில் கட்டியிருக்கிற அதே அரக்கு நிறச் சேலை, கட்டில் ஓரத்தில் சொந்தமாக உட்கார்ந்துகொண்டாள், என் டிவி ஓடிக்கொண்டிருக்கிறது, பூட்டிய கதவுக்கு வெளியே நின்று யாரோ கேட்டுக்கொண்டிருப்பதுபோலவும் இருக்கிறது, அது நான்தான், உள்ளே இருப்பதும் நான்தான், ஏனுங்க, அந்த நாடகத்துல பெரியவ புருசன் திரும்பி வந்தானுங்களா என்று கேட்கிறாள், எந்த நாடகம் என்கிறேன், நான் ஆசுபத்திரிக்குப் போனப்ப ஓடிட்டிருந்ததே என்கிறாள், எனக்கு அது தெரிந்திருக்கிறது, அந்த வருடம் நானும் பார்த்திருக்கிறேன், வந்தானுங்க, வந்து கடை வெச்சு நல்லா இருந்தானுங்க என்று விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன், அவள் தலையாட்டிக்கொண்டு கேட்கிறாள், டிவி வாங்கட்டுமா என்று நான் கேட்க நினைக்கிறேன், கேட்பதற்குள் முழிப்பு வந்துவிட்டது, மாடியில் அவர் டிஷ்ஷை ஸ்பேனரால் தட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கம்பெனியிலிருந்தே கூப்பிட்டார்கள், அலமாரிப் பக்கம் அவர்தான் இருந்தார், எடுத்து ஸ்பீக்கரில் போட்டார், கமலவேணி மேடம் இருக்காங்களா சார், இல்லீங்க என்றார், எப்ப கூப்பிட்டா பேசலாம் சார் என்றாள் அந்தப் பெண், நான் எழுந்து கையை நீட்டினேன், நேற்றுபோலப் பேசிவிடுகிறேன் என்று, அவர் வேண்டாம் என்று தலையசைத்தார், கைப்பேசியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், அவங்க எறந்துட்டாங்கம்மா, ஆறு வருசமாச்சு என்றார், சாரி சார், ஆனா நேத்துப் பேசினதா பதிவு இருக்கே என்றாள், அது என்ற சம்சாரம், என்றார் இவர், சார், புரியல, என்றாள் அவள், அவங்களும் என்ற சம்சாரந்தாம்மா, இவங்களும் என்ற சம்சாரந்தான், நேத்துப் பேசுனது இவங்க.

நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மூன்று வருடத்தில் என் சம்சாரம் என்ற அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டதில்லை, டெப்போ நண்பர்களிடம் என்னைக் காட்டி, சுகந்தி பாத்து வெச்சவங்க என்பார், கடையில் வீட்ல என்பார், இப்போது முகம் தெரியாத ஒரு பெண்ணிடம் அவ்வளவு சத்தமாகச் சொல்லிவிட்டு வேர்த்துப்போய் நின்றார், அந்தப் பெண் நல்ல பெண், அப்ப கனெக்‌ஷனை யார் பேருக்கு மாத்தட்டும் சார் என்று கேட்டாள், நீங்களே சொல்லுங்க என்று என்னிடம் நீட்டினார், உங்க பேர்லயே போடச் சொல்றேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், என் பேர்ல போடுங்க என்று வந்தது, என்னுது இன்னொரு கம்பெனி ஒண்ணு ஓடுது, அதை நிறுத்திக்கறேன் என்றும் சொன்னேன், அவள் ஆதாரில் இருக்கிறபடி பெயர் கேட்டாள், சொன்னேன், இனிஷியல் கேட்டாள், அங்கேதான் நின்றுவிட்டேன், ஆதாரில் இன்னும் துரைராஜின் எழுத்துத்தான் இருக்கிறது, மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று மாற்றவே இல்லை, அவரைப் பார்த்தேன், அவருக்குக் கேட்டிருக்கிறது, இருக்கட்டுமுங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும், அதுல என்ன இருக்குது, என்றார், து என்று சொன்னேன்.

சுகந்தி சொன்னபடி டிவி வாங்கி அனுப்பினாள், சுவரளவு இல்லை, ஆனாலும் பெரிது, கம்பெனி ஆள் வந்து புது டிஷ் ஒன்று மாட்டி, பழையவை இரண்டையும் கழற்றித் தந்துவிட்டுப் போனார், என் டிவியைப் பஞ்சாலை விடுதியில் தங்கியிருக்கிற பெண்களுக்குக் கொடுத்துவிட்டேன், கொடுத்துவிட்டு வரும்போது பஸ்ஸில் மடி வெறுமையாக இருந்தது, அவ்வளவுதான். அன்று சாயங்காலம் ஹால் சோபாவில் அவர் ஒரு ஓரம், நான் ஒரு ஓரம், நடுவில் ரிமோட், நீங்க வைங்க என்றார், நீங்களே வைங்க என்றேன், மாட்டிய ஆள் விட்டுப்போன சேனலே ஓடிக்கொண்டிருந்தது, ஏதோ கடலுக்கடியில் மீன்கள், அதைக் கொஞ்ச நேரம் பார்த்தோம், மருமகள் தொடருக்கு நேரமாகிவிட்டது, இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேரும் சொல்லவில்லை, இப்படியே விட்டால் ராத்திரிச் சோறு வரைக்கும் மீனைத்தான் பார்க்க வேண்டும் என்று நான் ரிமோட்டை எடுத்தேன், எடுத்தவள் தொடரை வைக்காமல் கபடி வைத்தேன், அவர் என் பக்கம் முழுசாகத் திரும்பி, நீங்க இதெல்லாம் பாப்பீங்களா என்றார், பாக்கறதென்ன, மில் டீம்ல ஆடியிருக்கேனுங்க, எதிராளி காலைப் பிடிக்கிறதுல என்னை மிஞ்ச ஆளில்ல, என்றேன், இதை நான் துரைராஜுக்குப் பிறகு யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதில்லை, அவர் சிரித்தார், என் புடவையையும் நரைமுடியையும் ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி சிரித்தார், ரெய்டுக்குப் போனவன் எந்தக் கோட்டைத் தொட வேண்டும், ஏன் பாடிக்கொண்டே போக வேண்டும் என்றெல்லாம் கேட்டார், எட்டத்திலிருந்து சொன்னால் அவருக்கு விளங்கவில்லை, நகர்ந்து பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன், நீங்க யார் கட்சிங்க என்றார், மஞ்சச் சட்டை என்றேன், கொஞ்சம் யோசித்து, அப்ப நான் அந்த நீலச் சட்டைங்க என்றார், பிறகு நீலச் சட்டை ஒருவனை நாலு பேர் அமுக்கிப் பிடித்தபோது சோபாக் கையில் ஓங்கி அடித்து, உடுறா அவன, என்று கத்தினார், நான், உடாதீங்க, புடிங்க காலை, என்று அவருக்கு மேல் கத்தினேன்.