கம்ப்யூட்டருக்கு ஒரு பொட்டு

கூலிம் ரப்பர் ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய வருடம், அதைத் தொடத் துணிந்த ஒரே ஆள் டெஸ்மண்ட். அதனால் அந்த வேலை அவன் தலையிலேயே விழுந்தது. ஆலைக்கே சம்பளக் கணக்குப் போடுகிறவன் அவன்; அவன் சம்பளம் மட்டும் பழைய தட்டச்சுக்காரன் சம்பளமாகவே நின்றுவிட்டது. பதிலுக்கு ஏசி அறை கொடுத்திருந்தார்கள். உள்ளே விடும் கொட்டாவி அந்தரத்திலேயே உறைந்துவிடும் என்று ஆபீசில் பேச்சு. அது சுத்தப் பொய். பாதிதான் உறையும்.

அவனும் மனைவி பிரிஜெட்டும் மாமியார் வீட்டு முன்னறையில் குடியிருந்தார்கள். மாமியார் விட்ட குறட்டையை ஹாரன் என்று நினைத்து, செர்டாங் பஸ் ஒருமுறை ஓரங்கட்டி வழிவிட்டது. டவுனில் தனி வீடு பார்த்தாயிற்று. வாடகைக்குத்தான் சம்பளம் எட்டவில்லை.

மேனேஜர் தர்மலிங்கத்திடம் போய் நின்றான்.

“பாய்லர் அண்ணன், லாரி டிரைவர் எல்லாருக்கும் மெஷின் அலவன்ஸ் இருக்கு. எனக்கும் குடுங்க சார்.”

“அவங்க மெஷின் ஓட்டுறவங்க லா. ஒன்னோடது மேசை, நாற்காலி மாதிரி ஆபீஸ் சாமான். எண்ணெய் விடுறியா? கரி பூசிக்கிறியா?”

டீக்கடையில் இதைக் கேட்ட பாய்லர்காரர் பக்கிரிசாமி, கோப்பையைக் கீழே வைத்தார். “ஆயுத பூசைக்கு ஒன் மெஷின எப்பயாச்சும் விட்டிருக்கியா தம்பி? பொட்டு வைக்காத சாமான அவரு எப்படி மெஷின்னு ஒத்துக்குவாரு?”

“நான் சர்ச்சுக்குப் போறவன் அண்ணே.”

“நீ எதுக்கு வர்ற? கதவத் தொறந்து விடு, போதும்.”

ஆயுத பூசையன்று ஆலை ஓடாது. மேனேஜர் வேட்டி கட்டிக்கொண்டு, ஒவ்வொரு இயந்திரமாகச் சூடம் காட்டிக்கொண்டே வருவார். பாய்லர், உருளை, லாரி என்று முடித்துவிட்டு ஏசி அறைக்குள் நுழைந்தால், அங்கே கம்ப்யூட்டர் மாலையும் சந்தனமுமாக வீற்றிருந்தது. தர்மலிங்கம் பக்திமான். யோசிப்பதற்குள் கை சூடத்தைக் காட்டிவிட்டது. கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டார்.

மறுநாள் டெஸ்மண்ட் போனான். பக்கிரிசாமி துணைக்கு வாசலில் நின்றார்.

“நேத்து என் ரூம்ல எதக் கும்பிட்டீங்க சார்?”

தர்மலிங்கம் கண்ணாடியைத் துடைத்தார்.

“மேசையத்தான்னு சொல்லிடாதீங்க,” என்றார் பக்கிரிசாமி. “நாற்காலி கோவிச்சுக்கும்.”

மேனேஜருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “சரி, மெஷினுதான். ஆனா பாதி அலவன்ஸ். எண்ணெய்ச் செலவு இல்லியே?”

“பாதியாவா சார் கும்பிட்டீங்க?”

“போலே லா, சரி சரி! முழுசா எடுத்துக்க, போ.”

மெஷின் ஆட்களுக்கு உள்ள ரப்பர் பூட்ஸும் கூடவே வந்தது. ஏசி அறையில் டெஸ்மண்டின் கால் அன்றுதான் முதன்முதலாகச் சூடு கண்டது.

புது வீட்டுச் சாவியை வாங்கிய கையோடு பிரிஜெட் கேட்டாள்: “ஞாயித்துக்கெழம ஃபாதர் கேட்டா என்னா சொல்லுவீங்க?”

“கும்பிட்டது நானா? மேனேஜருதானே?”

“அப்ப சரி, பாவசங்கீர்த்தனத்துக்கு அவரையே அனுப்பிடலாம்,” என்றவள், சன்னல் திரைக்கு அளவெடுக்க நாடாவைத் தேடினாள்.