ஒரிஜினல் துரு

அப்பாவைக் கிடத்திய குளிர்பெட்டியின் பிளக்கைச் செருக வேறு இடமில்லாததால், சார்ஜில் கிடந்த அவர் கைப்பேசியை மகள் பிடுங்கினாள். பிடுங்கிய கையோடு அது டிங் என்றது. பிறகு நிறுத்தவே இல்லை. உயிரோடு இருந்தவரை அவரை வாரத்துக்கு ஒருவர் கூப்பிட்டால் அதிகம்.

அத்தனையும் பழைய சைக்கிள் பைத்தியங்கள் இணையத்தில் கூடும் குழுவிலிருந்து. காலையில் தம்பி அப்பாவின் எண்ணிலிருந்து எல்லோருக்கும் தகவல் அனுப்பியபோது அங்கேயும் போயிருக்கிறது. அவர் படத்துக்குக் கீழே வரிசையாக ஆழ்ந்த இரங்கல், கூப்பிய கைகள், ஓர் அழுமூஞ்சி.

இதே ஆட்கள், இதே ஆழ்ந்த இரங்கலைப் போன மாதமும் போட்டிருந்தார்கள். அன்று செத்தது சைக்கிள்.

வங்கி வாசலில் காவலராக நின்று ஊருக்கெல்லாம் கதவு திறந்துவிட்டு ஓய்வுபெற்றவர் அப்பா. பழைய இரும்புக் கடையில் ஒரு சைக்கிளைக் கண்டெடுத்து வந்தார். துருவெல்லாம் தேய்த்து, பளபளவென்று பச்சை பெயின்ட் அடித்து, 'வணக்கம், நான் புதியவன், இது என் வண்டி' என்று படம் போட்டார். அந்தக் குழுவுக்கு முன்னறை, உள்ளறை என்று இரண்டு உண்டு. முன்னறையில் புதியவர்கள் காத்திருக்க வேண்டும். பெரியவர்கள் பார்த்துத் தகுதி இருந்தால் உள்ளே விடுவார்கள். விசா கொடுப்பவன்கூட இவ்வளவு குடைய மாட்டான்.

பழைய வண்டியின் துருவை அழித்துப் பெயின்ட் அடிப்பது அங்கே கொலைக்குச் சமம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சைக்கிள் படத்துக்கு மாலை போட்டார்கள். 'அங்கிள், அடுத்து பல்லக்குக்கு டிஸ்டெம்பர் அடிங்க' என்றான் ஒருவன். அதற்கு அப்பா எழுதிய பதில்தான் மகளுக்கு இன்னும் வயிற்றெரிச்சல்: 'தவறுக்கு மன்னிக்கவும் சார். சரிசெய்கிறேன்.'

சரிசெய்தார். தினமும் கொல்லைப்புறத்தில் குத்தவைத்து, தானே அடித்த பெயின்டைத் தானே உப்புத்தாளால் சுரண்டினார். சுரண்டிய இடத்தில் துரு வர உப்புத் தண்ணீர் தெளித்தார். "நல்லா இருந்ததை ஏன் இப்படி நாசம் பண்றீங்க?" என்று அம்மா கத்தினாள். முன்பாதி முடித்திருந்தார். நேற்று சாயங்காலம் உப்புத்தாளைப் பிடித்தபடியே சாய்ந்துவிட்டார்.

"யாருடி போன்ல விடாம அடிக்கிறது?" என்றாள் அம்மா.

"சைக்கிள்காரங்கம்மா."

"அவனுங்களா? என்னவாம்?"

"கை கூப்புறாங்க."

"கூப்பட்டும். கூப்புற நேரமாவது எழுத மாட்டானுங்க."

மதியம் குழுத் தலைவரே வந்தார். பல் மருத்துவர். தன் பழைய சைக்கிளை நிழல் பார்த்து நிறுத்தி, இருக்கையைக் கைக்குட்டையால் மூடிவிட்டுத்தான் அப்பாவைப் பார்க்க உள்ளே வந்தார். பெட்டிக்கு முன் நின்றார். அளவாக வருத்தப்பட்டார்.

"வண்டி எங்கம்மா இருக்கு?" என்றார் மெதுவாக.

மகள் கொல்லைப்புறத்துக்கு அழைத்துப் போனாள். சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. முன்பாதி துரு, பின்பாதி பச்சை. மருத்துவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாய்க்குள் பார்ப்பதுபோல் ஃபிரேமுக்குக் கீழே குனிந்து பார்த்தார். கூடத்தில் வராத ஈரம் இங்கே கண்ணில் வந்தது. ஹேண்டில் பாருக்குக் கீழே விரல் வைத்தார்.

"பாத்தீங்களா? பச்சைக்கு அடியில இது ஒளிஞ்சிருக்கு. ஒரிஜினல் துரு. அறுபது வருஷமாவது ஆகும் இந்த நிறம் வர. எவ்வளவு பக்குவமா வெளிய கொண்டு வந்திருக்காரு!"

மருத்துவர் தன் கைப்பேசியில் ஏதோ தட்டினார். அவள் கையிலிருந்த அப்பாவின் கைப்பேசி டிங் என்றது. 'உள்ளறைக்கு நல்வரவு.'

"சேர்த்துட்டேம்மா. கௌரவ உறுப்பினர். அஞ்சலியில ஒரு படம் போட்டுடலாம். இந்தப் பக்கமா எடுத்துக்குறேன், பச்சை தெரியாம."

"அந்தத் துரு போன மாசம் வந்தது சார். உப்புத் தண்ணி தெளிச்சாரு."

மருத்துவர் சிரித்தார். வலிக்காது என்று சொல்லி ஊசி போடுகிறவரின் சிரிப்பு. "இல்லம்மா. உங்களுக்குத் தெரியாது. இதெல்லாம் பாத்துப் பழகின கண்ணு."

மகள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் மிச்சமிருந்த பச்சை பெயின்ட் டப்பாவும் பிரஷும் ஒரு கரண்டியும் இருந்தன. கரண்டிக் காம்பால் மூடியை நெம்பி, மேலே படிந்திருந்த ஆடையை விலக்கி, பிரஷை முக்கினாள். ஹேண்டில் பாருக்குக் கீழே, மருத்துவர் விரல் வைத்துக் காட்டிய இடத்திலேயே முதல் பூச்சு விழுந்தது.

"ஐயோ, என்னம்மா பண்றீங்க? அது போனா போனதுதான். திரும்ப வராது."

"தெரியும் சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, சட்டையில படும்."

"துக்கத்துல பண்றீங்க. அப்புறம் வருத்தப்படுவீங்க. வண்டிய எங்கிட்டயாவது குடுங்க..."

அவள் பூசிக்கொண்டே இருந்தாள். சரியாகப் பூச வரவில்லை. சக்கரத்தில் ஒழுகியது, தரையில் சொட்டியது, துரு பிரஷில் ஒட்டிக்கொண்டு பச்சையோடு வந்தது. உள்ளேயிருந்து தம்பி, "அக்கா, வேன் வந்துருச்சு" என்றான். அவள் திரும்பவில்லை.

அம்மா வந்து வாசற்படியில் நின்றாள். டப்பாவைப் பார்த்தாள். கைகளைப் பிசைந்துகொண்டிருந்த மருத்துவரைப் பார்த்தாள். கூடத்திலிருந்து யாரோ, நேரமாகிறது என்று குரல் கொடுத்தார்கள்.

"அஞ்சு நிமிஷம் இருக்கச் சொல்லு" என்றாள் தம்பியிடம்.

சேலையை முழங்கால்களுக்கு இடையில் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். ஆடிக்கொண்டிருந்த முன்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அடிப்பக்கம் விட்டுட்ட பாரு" என்றாள்.

மகள் குனிந்து அடிப்பக்கம் பூசினாள்.