டிராமில் கேட்ட வரி

செவ்வாய்க்கிழமை வந்தாலே மாரிட்டுக்குத் திண்டாட்டம்தான். சுவீடனில் உள்ள கோதன்பர்க் நகர நூலகத்தின் மாடி அறையில் அன்று மாலை கதை எழுதுகிறவர்கள் கூடுவார்கள். கதையைத் தொடங்கிவைக்க ஒரு வரி கொண்டுவருவது அவள் பொறுப்பு. பழைய தபால் அட்டைகள், கண்ணை மூடிக்கொண்டு அகராதியில் தொட்ட சொற்கள், பத்திரிகையின் 'காணவில்லை' விளம்பரங்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன. போன வாரம் அவள் கொடுத்தது 'மழை பெய்தது'. அதைப் பார்த்துவிட்டுக் காபி குடிக்கப் போன இரண்டு பேர் திரும்பவே இல்லை. இப்படியே போனால் அறையை யோகா வகுப்புக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அன்றும் வெறுங்கையோடுதான் டிராமில் ஏறினாள். பின் இருக்கையில் சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட பெண் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அப்பாவுக்கு இன்னும் தெரியாதுடி. படகை வித்தாச்சு. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது?"

மாரிட்டுக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. மறந்துவிடுவோமோ என்ற பதற்றத்தில் முணுமுணுத்துக்கொண்டே மாடி ஏறி, பலகையில் எழுதினாள்: 'அப்பாவுக்கு இன்னும் தெரியாது. படகை விற்றாகிவிட்டது.'

பேனாக்கள் ஓடத் தொடங்கின. எல்லோருக்கும் முன்னால் எழுதி முடித்தவர் டோர்ஸ்டன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர்; கண்பார்வை மங்கிய பிறகு எழுத வந்தவர். மூக்கோடு உரசும்படி தாளைப் பிடித்துக்கொண்டு வாசித்தார். ஊரே அறிந்ததைக் கடைசியாக அறியும் ஒரு அப்பன் கதை. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"நல்லவேளை, என் படகைக் கொட்டகையில வச்சுப் பூட்டியிருக்கா எம் பொண்ணு இல்வா," என்றார் அவர். "பனி உருகினதும், மே மாசம் தண்ணியில இறக்கணும். ஆமா மாரிட், இந்த வரியை எங்கேம்மா புடிச்சே?"

மாரிட்டுக்கு டிராமில் பேசிய பெண் நினைவுக்கு வந்தாள். ஊரில் படகு வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர், இது வேறு யாரோ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"சும்மா... நானே யோசிச்சதுதான்."

"நீயா? மழை பெய்ஞ்சதையே தேடிப் புடிச்சவ நீ!" என்றாள் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த குன்னெல். அவளுக்கு நாக்கில் எப்போதும் ஊசிதான்.

அதற்குள் கதவு திறந்தது. அப்பாவை அழைத்துப் போக முதல் தடவையாக மாடி ஏறி இல்வா வந்திருந்தாள். தலையில் அதே சிவப்புத் தொப்பி.

மாரிட் துணியை எடுத்துக்கொண்டு பலகைக்கு ஓடினாள். பாதி அழிப்பதற்குள் இல்வா படித்துவிட்டாள். மாரிட்டைப் பார்த்தாள், பிறகு அப்பாவை.

"அப்பா... நீங்களே தெரிஞ்சுக்கிட்டீங்களா?"

"என்னத்தைத் தெரிஞ்சுக்கிட்டேன்?"

இல்வா அவர் அருகில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "உங்க கண்ணை வச்சுக்கிட்டுத் தனியாக் கடலுக்குப் போவீங்கன்னு பயந்தேம்பா. அதான் வித்துட்டேன்."

டோர்ஸ்டன் தன் தாளைச் சிறிதாக, இன்னும் சிறிதாக மடித்தார். எழுந்து, கோட்டைக்கூட எடுக்காமல் பனியில் இறங்கிப் போய்விட்டார். கோட்டை அள்ளிக்கொண்டு இல்வா பின்னால் ஓடினாள்.

இரண்டு நாள் மாரிட்டுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் டோர்ஸ்டனுக்குப் போன் செய்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"படகு போனதுக்கு இல்வாகிட்ட சண்டை போட்டாச்சு," என்றார் டோர்ஸ்டன். "உங்கிட்ட வேற கணக்கு. நான் கேட்டேன்ல, அப்பவே சொல்லியிருக்கலாம். அத்தனை பேரு முன்னால என்னைப் பார்த்துச் சிரிக்க வச்சுட்டியேம்மா."

"தப்புதான். மன்னிச்சிருங்க."

"ம்."

"செவ்வாய்க்கிழமை வருவீங்களா?"

"தெரியல," என்று போனை வைத்துவிட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாரிட் டிராம் ஏறாமல் நடந்தே போனாள். நான்கு பேர் வந்திருந்தார்கள், டோர்ஸ்டன் வரவில்லை. வரி ஒன்றும் கொண்டுவரவில்லை என்று அவள் சொன்னபோது, குன்னெல்கூட வாயைத் திறக்கவில்லை.