எட்டாவது நிமிஷம்

தம்பியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அந்தக் காகிதத்தை எடுக்க முடிந்தது. உயிர் போய் அரை மணி ஆகியும் பிடியை விடவில்லை. அத்தனையும் எண்கள். லாரி ஓட்டியே கிழவனான அண்ணன் அதை மாத்திரைச் சீட்டு என்று நினைத்து நர்ஸிடம் நீட்டினார்.

"அது இன்னைக்கு மேட்ச் லிஸ்ட், மாமா," என்றாள் தம்பி மனைவி. அழுது ஓய்ந்த குரல். "முதல்ல இறங்குற அஞ்சு பேர். கீழ, எந்த நிமிஷம் யாரை மாத்தணும்னு."

கல்லூரிக் கூடைப்பந்து அணிக்கு இருபது வருஷமாகத் தம்பிதான் கோச். இன்று இறுதி ஆட்டம்.

துணைக் கோச் கையைப் பிசைந்துகொண்டு வாசலில் நின்றான்.

"பெரியவரே, காலேஜ் செயலாளர் தன் பையனை முதல்லயே இறக்கச் சொல்றார். ஏழாம் நம்பர். சார்தான் போயிட்டாரே, இனிமே அவர் லிஸ்ட் எதுக்குன்னு..."

"எழுதுறப்ப உயிரோடதானே இருந்தான்?"

"அவரை எதிர்த்து நான் எப்படி..."

"அப்ப ஒதுங்கு. வண்டிய மறிச்சுக்கிட்டு நிக்காத."

உடம்புச் சூடு ஆறுவதற்குள் அந்தச் செயலாளர் சந்தடி சாக்கில் மகனை நுழைக்கிறான். படித்த கூட்டத்தை அண்ணன் என்றைக்குமே நம்பியதில்லை.

"நீங்க போங்க மாமா. இவர்கிட்ட நான் இருக்கேன்," என்றாள் அவள்.

ஆட்டக்களத்தில் செயலாளர் வழிமறித்தார். "இது காலேஜ் டீம். உங்க வீட்டு விவகாரம் இல்ல."

"ஒரு நம்பரை மாத்திப் பாரு. தம்பியத் தூக்கிட்டு வந்து நடுக்களத்துல கிடத்துறேன். எவன் ஆடுறான்னு பார்ப்போம்."

ஏழாம் நம்பர் எழுந்து வந்தான். "அப்பா, சார் என்னை எட்டாவது நிமிஷம்தான் இறங்கச் சொன்னார். எதிர் டீம் களைச்ச பிறகு." திரும்பிப் போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான்.

துணைக் கோச் காகிதத்தைப் பார்த்து, நடுவரின் தாளில் அந்த ஐந்து பேரையே எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

கோச் நாற்காலியில் உட்கார யாருக்கும் மனம் வரவில்லை. அண்ணன் உட்கார்ந்தார். எவன் ஜெயிக்கிறான் என்றுகூட அவருக்குப் புரியவில்லை. எட்டு நிமிஷம் ஓடியதும் எழுந்து, பஸ் ஸ்டாண்டில் கத்துகிற மாதிரி கத்தினார்.

"அஞ்சு வெளிய! ஏழு உள்ள!"

ஐந்தாம் நம்பர் வியர்வை சொட்ட ஓடிவந்து, வழக்கம்போல, கோச்சுக்கு ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தான். களத்திலிருந்து கண்ணை எடுக்காமல் தலையைச் சாய்த்து, காதைக் கொடுத்துக் காத்திருந்தான்.

அண்ணன் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். எண்கள்தான்.

"தண்ணி குடி," என்றார்.