அரசாங்கத்துச் சுமங்கலி

"நீ வெளிய தல காட்டாத லோகு. தலைவர் மொத மொத நம்ம குப்பத்துல காலு வெக்கிறாரு. ஆரத்தி முடியட்டும்," என்றார் ஆதிநாராயணன். லோகநாயகியின் புருஷனுக்கு அண்ணன். கட்சியின் கிளைச் செயலாளர்.

"ஒரே ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடறேன் மாமா."

"இன்னாத்த கேப்ப? உன் கதைய நானே சொல்லிக்கிறேன். அவரே மைக்ல பேசுவாரு."

கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

கோட்டைக்குப்பத்துப் பெண்களெல்லாம் தட்டும் கையுமாகத் தெருவில் நின்றார்கள். இவள் மட்டும் உள்ளே. கடலுக்குப் போன நீலமேகத்தின் படகு கவிழ்ந்து இரண்டு வருஷமாகிறது, உடல் ஒதுங்கவில்லை. குப்பம் அதிக நாள் பொறுக்கவில்லை. அவன் உடலுக்குப் பதிலாக வைக்கோல் பொம்மையைக் கொளுத்தி, இவள் வளையலை உடைத்து, பொட்டை அழித்து மூலையில் உட்காரவைத்தது. அரசாங்கமோ, உடல் இல்லையா, ஏழு வருஷம் போகட்டும், அதுவரை அவன் செத்தவனில்லை, உதவிப் பணமும் கிடையாது என்றுவிட்டது. அந்தக் காலத்தில் கப்பலேறி வந்து இங்கே செத்த டச்சுக்காரனுக்குக்கூடக் குப்பத்தை ஒட்டிய கல்லறையில் பெயர் வெட்டிய கல் இருக்கிறது. தன் புருஷன் இருக்கிறானா இல்லையா என்பதை யாராவது ஒருவர் வாய்திறந்து சொன்னால் போதும் என்றிருந்தது அவளுக்கு. அக்கம்பக்கத்தில் பேச்சுத்துணைக்குக்கூட ஆளில்லை.

வேட்டுச் சத்தம். கல்லறை ஓரமாக வேன் வந்து நின்றது.

"மீனவத் தோழன் நீலமேகம் செத்துவிட்டான் என்று சொன்னது யார்?" ஒலிபெருக்கி அதிர்ந்தது. "அவன் வருவான்! அதுவரை என் தங்கை லோகநாயகி பூவோடும் பொட்டோடும் வாழ்வாள்! அவளுக்கு அண்ணன் நான் இருக்கிறேன்!"

விசில் பறந்தது. இவள் வளையலை உடைத்த ஓரகத்தி ஜெயம்மாவே தொண்டை வலிக்கக் கோஷம் போட்டாள். உள்ளே இருந்தவளுக்கு அழுகை முட்டியது. ஓட்டுக்காகச் சொல்கிறார் என்று தெரியாமல் இல்லை. ஆனாலும் அவள் பெயரை ஒருவர் வாஞ்சையாகச் சொல்லி எத்தனை நாளாயிற்று!

முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். தெருவில் பெண்கள் முந்தானையை ஒதுக்கிக்கொண்டு விலகினார்கள். நேரே போய் ஜெயம்மாவின் தட்டைப் பிடித்தாள்.

"அடிப்பாவி, இன்னாடி பண்ற?"

"அவருதானக்கா சொன்னாரு."

வாங்கி வேன் முன்னால் நின்று மூன்று முறை சுற்றினாள். அவள் யாரென்று தெரியாத தலைவர், சிரித்தபடி வேனிலிருந்து குனிந்தார். ஆரத்தி நீரில் விரலைத் தொட்டு அவர் நெற்றிக்குக் கொண்டுபோனாள். அதற்குள் ஆதிநாராயணன் ஓடிவந்து அவர் காதில் ஏதோ சொன்னார்.

தலைவர் வெடுக்கென்று நிமிர்ந்துகொண்டார்.

"அப்புறம் பார்க்கலாம்மா," என்று கும்பிட்டார். வேன் நகர்ந்துவிட்டது.

நீட்டிய விரல் அப்படியே நின்றது. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, அதைத் தன் நெற்றியில் வைத்து அழுத்தினாள் லோகநாயகி.

"அழிடீ அத!" என்று கத்தினாள் ஜெயம்மா.

"எம் புருசன் செத்துட்டாருன்னு கவர்மெண்ட்ட எய்திக் குடுக்கச் சொல்லு. அப்பால அழிச்சிக்கிறேன்," என்றாள் லோகநாயகி.