சகலையின் ரம்பம்

கண்ணாடிக்காரருக்கும் அவருடைய சகலைக்கும் பேச்சு நின்று மூன்று வருடம் ஆகிறது. காரணம் நிலமோ நகையோ இல்லை. ஒரு செயின்சா. மரம் அறுக்கிற மிஷின் ரம்பம்தான். இதற்குப் போயா இரண்டு பெரிய மனிதர்கள், அதுவும் அக்காவையும் தங்கையையும் கட்டியவர்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள் என்று கேட்பீர்களானால், நீங்கள் பழைய ரம்பப் பைத்தியம் யாரையும் கிட்டத்தில் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

கண்ணாடிக்காரர் பகலெல்லாம் கடையில் உட்கார்ந்து ஊராருக்குக் கண் பார்த்து மூக்குக்கண்ணாடி போட்டுக் கொடுப்பவர். கடையைப் பூட்டியதும் நேராக வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைக்குப் போய்விடுவார். அங்கே சுவரில் வரிசையாகப் பதினோரு செயின்சாக்கள் தொங்கும். பாதிக்கு மேல் அவரைவிட வயதில் மூத்தவை. எதற்கும் இன்று கடையில் உதிரி பாகம் கிடைக்காது. ரப்பரெல்லாம் கல்லாகி, கார்புரேட்டருக்குள் பழைய பெட்ரோல் பிசினாக உறைந்து, யாரோ குப்பையில் போடப்போனவை. அவற்றை ஆணி ஆணியாகக் கழற்றிக் கழுவித் துடைத்து மறுபடி பூட்டி, கயிற்றைச் சுண்டி இழுப்பார். பத்தாவது இழுப்பில் அது ஒரு தடவை இருமும். பதினோராவது இழுப்பில் படபடவென்று எழுந்துகொள்ளும். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இவ்வளவுக்கும் அறுப்பதற்கென்று அவர் வீட்டில் மரம் கிடையாது. இருப்பதெல்லாம் தொட்டியில் ஒரு எலுமிச்சைச் செடி.

சகலை ரகம் வேறு. முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்குக் கண் சுமார்தான். காது மட்டும் அபாரம். கட்டிலில் படுத்தபடியே, தெருவில் போகிற வண்டிக்கு எந்த கியரில் வலி என்று சொல்லிவிடுவார். கண்ணாடிக்காரருக்கு விரலும் கண்ணும், சகலைக்குக் காது. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு நல்ல மெக்கானிக். சனிக்கிழமை விடிந்தால் போதும், இருவரும் கொட்டகைக்குள் புகுந்துவிடுவார்கள். சாப்பாட்டுக்குக் கூப்பிட இரண்டு பெண்டாட்டிகளும் மாறி மாறித் தகரத்தைத் தட்ட வேண்டும். அப்படி இருந்தவர்கள்.

அந்த ஊரில் இவர்களைப் போலப் பதினாலு பேர் உண்டு. வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மரம் அறுக்கும் மில்லின் முற்றத்தில் கூடுவார்கள். மில்காரம்மா நாலு தடித்த கட்டைகளை உருட்டிப் போடுவார். அவரவர் தங்கள் கிழட்டு ரம்பத்தை ஓட்டி வட்டு வட்டாக அறுத்துக் காட்ட வேண்டும். பரிசு ஒன்றும் கிடையாது. மற்றவர்கள் "அடேயப்பா" என்றால் அதுதான் பரிசு.

மூன்று வருடத்துக்கு முன் அந்த நாளுக்காகச் சகலை தன் சிவப்பு ரம்பத்தை இரண்டு கையாலும் ஏந்திவந்து கண்ணாடிக்காரரிடம் கொடுத்து, "கார்புரேட்டரைக் கொஞ்சம் பாருங்க" என்றார். பேரப்பிள்ளைகளைக்கூட அவர் அப்படித் தூக்கியதில்லை. கண்ணாடிக்காரர் பிரித்துக் கழுவினார். பெட்ரோல் எவ்வளவு போக வேண்டும் என்று தீர்மானிக்கிற சின்னத் திருகு ஒன்று உண்டு. அதைத் திருகித் திருகி, கேட்கக் கேட்க இனிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரவழைத்தார். மில்லில் முதல் கட்டையை ரம்பம் அநாயாசமாக அறுத்தது. இரண்டாவதையும் அறுத்தது. மூன்றாவதன் நடுவில் கிறீச்சென்று கத்திவிட்டு, அப்படியே நின்றுபோனது. கயிற்றை இழுத்தால் அசையவில்லை. உள்ளே பிஸ்டன் இறுகிவிட்டது.

பதினாலு பேரும் மில்காரம்மாவும் சுற்றி நிற்கும்போது கண்ணாடிக்காரர் வாயில் சனி உட்கார்ந்தது.

"எண்ணெய் கலக்க மறந்துட்டீங்க சகலை" என்றார்.

இந்த மாதிரி எஞ்சினுக்குப் பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். கலக்காமல் ஓட்டினால் கால் மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். ரம்பத்தைத் தொட்டவர் முதல் நாள் கற்றுக்கொள்கிற பாடம் அது. முப்பது வருட டிரைவரைப் பார்த்து அதைச் சொல்வது, சமையல்காரரைப் பார்த்து அடுப்பைப் பற்றவைக்க மறந்துவிட்டீர்கள் என்று சொல்வது போல. யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். சகலை ரம்பத்தைச் சாக்கில் போட்டுக் கட்டினார், தோளில் தூக்கினார், போய்விட்டார். அதற்கப்புறம் எந்தச் சனிக்கிழமையும் வரவில்லை.

கண்ணாடிக்காரர் முதலில் ரோஷப்பட்டார். பிறகு வருத்தப்பட்டார். பிறகு, ஒத்துக்கொள்ள மாட்டாரே தவிர, கொட்டகையில் தனியாகப் பேச ஆரம்பித்தார். "இது எப்படி இருக்கு?" என்று ரம்பத்தை ஓடவிட்டுக் கேட்பார். பதில் சொல்ல ஆள் இருக்காது. சகலை இல்லாத சனிக்கிழமை அவருக்குச் சனிக்கிழமையாகவே இல்லை.

இந்த வருடம் மில்லில் கூடுகிற நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, எங்கெங்கோ சொல்லி வைத்ததில், அந்தச் சிவப்பு ரம்பத்துக்குப் பொருந்துகிற பிஸ்டனும் சிலிண்டரும் ஒரு கிழவரின் பரணிலிருந்து கிடைத்துவிட்டன. கண்ணாடிக்காரருக்கு உச்சி குளிர்ந்துபோனது. ரம்பத்தைச் சரிசெய்து சகலை கையில் கொடுத்து, போனது போகட்டும் என்று தான் பெருந்தன்மையாகச் சொல்வதாகக் கண்ணாடி முன் நின்று இரண்டு தடவை ஒத்திகையும் பார்த்துவிட்டார். ஆனால் ரம்பம் சகலை வீட்டில் அல்லவா இருக்கிறது?

அதற்கு அவர் மனைவி வழி செய்தாள். புதன்கிழமை காலை, அக்கா வீட்டுக்குப் போய், அழுக்குத்துணிக் கூடை ஒன்றை இடுப்பு ஒடியத் தூக்கிக்கொண்டு வந்தாள். மேலே போர்வை. போர்வைக்குக் கீழே பத்து கிலோ ரம்பம்.

"அக்கா எடுத்துக் குடுத்தா. அத்தானுக்குத் தெரியாது" என்றாள் மூச்சு வாங்க. "மூணு வருஷமா நானும் அக்காவும் போன்லயே குடும்பம் நடத்திட்டு இருக்கோம். நீங்க ரெண்டு பேரும் ஒழுங்கா ஒண்ணு சேரலைன்னா, அடுத்த தடவை இந்தக் கூடையில அவளும் நானும் ஏறி எங்கயாவது போயிடுவோம், பாத்துக்கங்க."

"அவ்வளவு பெரிய கூடை கிடைக்காதுடி" என்றார் கண்ணாடிக்காரர். அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது இங்கே வேண்டாம்.

கடைக்கு அரை நாள் விடுப்பு விட்டுவிட்டு ரம்பத்தைப் பிரித்தார். முதலில் டேங்க் மூடியைத் திறந்தார். மூன்று வருடம் முன்பு ஊற்றிய பெட்ரோல் என்றைக்கோ ஆவியாகிப் போயிருந்தது. டார்ச்சை அடித்துப் பார்த்தார். டேங்கின் அடியில் பச்சையாக, பசை மாதிரி, மெல்லிசாக ஏதோ படிந்திருந்தது.

எண்ணெய். பெட்ரோலில் கலக்கிற அதே பச்சை எண்ணெய். பெட்ரோல் ஆவியாகும், எண்ணெய் எங்கே போகும்?

கண்ணாடிக்காரர் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து சைலன்சரைக் கழற்றினார். ஓட்டை வழியே பிஸ்டன் தெரிந்தது. எண்ணெய் இல்லாமல் ஓடியிருந்தால் அது சுற்றிலும் கீறியிருக்க வேண்டும். இதுவோ புகை வெளியேறுகிற பக்கம் மட்டும் உழுத வயல் போலக் கிடந்தது, மறுபக்கம் பளபளவென்று இருந்தது. பெட்ரோல் போதாமல் சூடேறினால் இப்படித்தான் ஆகும். பெட்ரோலைக் குறைத்தது யார்? கேட்க இனிக்கிறதென்று திருகை முடுக்கினவர் யார்?

தினம் இருபது பேரைப் பார்த்து, "பாக்காம எதையும் சொல்லக் கூடாது" என்று உபதேசம் செய்கிற மனிதர் அவர். அன்று மில்லில் ஒரு நிமிடம் செலவழித்து உள்ளே பார்த்திருந்தால் போதும். பார்க்காமலே தீர்ப்பு சொல்லிவிட்டார். வெட்கத்தில் அவருக்குக் காது மடல்கூடச் சுட்டது. பெருந்தன்மையாக மன்னிக்கப் போனவர், இப்போது மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் நிற்கிறார்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனால் வேலை நடந்தது. புது பிஸ்டன், புது வளையம், பிளக், ரப்பர் குழாய் எல்லாம் மாற்றினார். கயிற்றை இழுத்ததும் ரம்பம் எழுந்துகொண்டது. திருகாணியின் மேல் கையை வைத்தார், எடுத்துவிட்டார். இந்தக் காதை நம்பி இன்னொரு தடவை திருகினால் கடவுளுக்கே அடுக்காது.

சனிக்கிழமை காலை ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு சகலை வீட்டு வாசலில் போய் நின்றார். மணியை அடிப்பதற்குள் கதவு திறந்தது.

"கூடை எங்க?" என்றார் சகலை.

"உங்களுக்குத் தெரியுமா?"

"பத்து கிலோ சாமான் அலமாரியில இருந்து காணாமப் போனா தெரியாதா? ரெண்டு பொம்பளைங்க அதைப் பாப்பாவைத் தூக்கற மாதிரி போர்த்தி வாசல் வரைக்கும் தூக்கிட்டுப் போறாங்க. நான் ஜன்னல்ல நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன். சிரிப்பை அடக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. "சகலை, டேங்க்ல எண்ணெய் இருந்துச்சு" என்றார். "தப்பு உங்க மேல இல்ல. நான்தான் பெட்ரோலைக் குறைச்சு வச்சுட்டேன். உள்ள பாக்காமலே உங்களைச் சொல்லிட்டேன்."

"தெரியும்."

"எப்போ?"

"அன்னைக்கே. வீட்டுக்கு வந்ததும் சைலன்சரைக் கழட்டிப் பாத்தேன்."

"அப்ப ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

சகலை கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். "சொல்லியிருக்கலாம். ஆனா அத்தனை பேர் முன்னாடி என்னைப் பாத்து எண்ணெய் கலக்கலைன்னு சொன்னீங்க பாருங்க, அதான் ஆறலை. நீங்களா ஒரு நாள் திறந்து பாப்பீங்க, பாத்தா வருவீங்கன்னு நினைச்சேன். மூணு வருஷம் ஆகும்னு நினைக்கலை." பிறகு ரம்பத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "வாங்க உள்ள. இப்படியே நின்னா ரெண்டு பேரும் அழுதுடுவோம். அக்கம்பக்கம் வேற வேடிக்கை பாக்கும்."

பின்கட்டில் ரம்பத்தை ஓடவிட்டார்கள். கண்ணாடிக்காரர் ஸ்க்ரூ டிரைவரோடு குனிந்திருந்தார். சகலை கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"திறங்க. இன்னும் கொஞ்சம் திறங்க."

"குழறுதே சகலை!"

"குழறணும். சும்மா ஓடுறப்போ குழறணும், மரத்துல பல்லை வச்சா தெளியணும். சும்மா ஓடுறப்பவே பாடுச்சுன்னா, வேலை செய்யறப்போ தொண்டை வத்திப் போகும். அன்னைக்கு அதான் ஆச்சு. கால் திருகு மூடுங்க. அவ்வளவுதான்! கையை எடுங்க, தொடாதீங்க!"

அங்கே கிடந்த ஒரு கட்டையில் ரம்பத்தை வைத்தார் சகலை. குழறிக்கொண்டிருந்தது சட்டென்று தெளிந்து, ஒரே குரலாக, கணீரென்று பாடியது. கண்ணாடிக்காரருக்கு அந்த வித்தியாசம் முதல் தடவையாகக் காதில் விழுந்தது. சின்னப் பையன் மாதிரிக் கையைத் தட்டினார். சமையலறை ஜன்னலில் அக்காவும் தங்கையும் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

"நாளைக்கு மில்லுல எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்" என்றார் கண்ணாடிக்காரர்.

"அதெல்லாம் வேண்டாம். ஊர்ல எல்லாரும் கார்புரேட்டரை உங்ககிட்டதான் கொண்டு வராங்க. உங்க பேரைக் கெடுத்துக்காதீங்க."

"அன்னைக்கு உங்க பேரு கெடலையா?"

"வாயைத் திறந்து பாருங்க, அப்புறம் இருக்கு" என்றார் சகலை.

ஞாயிற்றுக்கிழமை மில் முற்றத்தில் பதினாலு பேரும் கூடினார்கள். இரண்டு சகலைகளும் ஒரே வண்டியில் வந்து இறங்கியதைப் பார்த்து மில்காரம்மாவே கணக்கு நோட்டை மூடிவிட்டு வெளியே வந்தார். சிவப்பு ரம்பத்தை எடுத்து முதல் கட்டையின் முன் நின்றார் சகலை. கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தார்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி..."

சகலை ஆக்சிலரேட்டரை அழுத்தினார். ரம்பம் அலறியது. ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வட்டு அறுந்து விழுந்தது. சத்தம் தணிந்தது.

"அன்னைக்கு இந்த ரம்பம் நின்னதுக்கு..."

மறுபடி அலறல். இரண்டாவது வட்டு.

கூட்டத்துக்கு விஷயம் புரியவில்லை, ஆனால் வேடிக்கை பிடித்துவிட்டது. கண்ணாடிக்காரர் வாயைத் திறப்பதும், சகலை விரலை அழுத்துவதுமாக நடந்தது. வட்டு மேல் வட்டாக விழுந்தது. மில்காரம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடிக்காரரும் விடவில்லை. குரலை ஏற்றினார், கையை ஆட்டினார், முகம் சிவக்க ரம்பத்தோடு போட்டி போட்டுக் கத்தினார். முதல் கட்டை தீர்ந்து, இரண்டாவதில் பாதி முடிந்தபோது டேங்கில் பெட்ரோல் தீர்ந்துபோனது. ரம்பம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றது.

"...எண்ணெய் காரணமே இல்ல! நான்தான் தப்பாத் திருகினேன்! அவர் மேல வீண் பழி போட்டேன்! தப்பு என்னுது!"

முற்றம் முழுக்க அந்தக் குரல் கேட்டது. மில்லுக்கு வெளியே தெருவில் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடிக்காரர் மூச்சு வாங்க நின்றார். புதன்கிழமையிலிருந்து நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியதில் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

சகலை ரம்பத்தைக் கட்டையின் மேல் வைத்தார். கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார், கண்ணையும் சேர்த்து.

"சரி, கேட்டாச்சு" என்றார். "டேங்க் காலி. போய் நீங்களே கலந்து எடுத்துட்டு வாங்க."

கண்ணாடிக்காரர் ஓட்டமும் நடையுமாக வண்டிக்குப் போனார். பெட்ரோலை அளந்தார், பச்சை எண்ணெயை அளந்து சேர்த்தார், டப்பாவை நன்றாகக் குலுக்கிக் கொண்டுவந்து நீட்டினார். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, சகலை அதை வாங்கி, முகர்ந்துகூடப் பார்க்காமல் டேங்கில் ஊற்றினார்.