தலையில் கத்தி இல்லாத வேதசாட்சி

வள்ளியூர் இரும்புக்கடை மிக்கேல் அண்ணாச்சிக்கு ஒரே ஆசைதான்: மாதா கோயில் திருவிழாக் கமிட்டித் தலைவராகணும். ஞாயிறு பூசை முடிந்ததும் தேர்தல். எதிரில் நிற்பவர் சின்னப்பன்.

ஓட்டை அள்ள அண்ணாச்சி ஒரு வழி பிடித்தார். இத்தாலியில் ஐந்நூறு வருஷத்துக்கு முன் வரைந்த பீட ஓவியம். நடுவில் குழந்தையோடு மாதா, இருபுறமும் வேதத்துக்காக உயிர்விட்ட சாட்சிகள். அதை பிளெக்ஸாக அடித்துக் கோயில் வாசலில் நிறுத்துவது. ஒரு சாட்சிக்கு மட்டும் அண்ணாச்சி முகம்.

பேட்டையில் பிளெக்ஸ் அடிக்கும் எபி, படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தான்.

“செபஸ்தியாரு உடம்பு பொருந்தும் அண்ணாச்சி.”

“ஏலே, இடுப்புத் துணியோட அம்பு குத்தி நிக்காரு. சம்பந்தி பார்த்தா என்ன நினைப்பாரு? அந்தப் பக்கம் அங்கி போட்டிருக்காருல்லா, அவரு.”

“அவரு மண்டையில கத்தி இறங்கியிருக்கே.”

“எடுத்துரு.”

“எடுத்தா காயம் தெரியுது.”

“தலைக்கு மேலருந்து ரோஜா மாலையப் போட்டு மறைலே. கண்ணு வானத்தப் பார்க்கட்டும்.”

வேதசாட்சியாக ஆசை, கீறல் மட்டும் ஆகாது.

ஞாயிறு விடியலில் பிளெக்ஸ் ஏறியது. தாமதமாக நுழைந்தால்தான் கைதட்டல் பலமாக விழும் என்று அண்ணாச்சி பூசைக்கும் போகாமல், போனை அணைத்துவிட்டு ஊருக்கு வெளியே காரில் காத்திருந்தார். மனைவியோ மகள் பிரசவத்துக்கு நாகர்கோவில் போயிருந்தாள்.

கோயிலுக்குள் காலை வைத்ததும் சிலிர்த்துவிட்டது. கூட்டம் மொத்தமும் எழுந்து, தலை குனிந்து நின்றது. நமக்கா இவ்வளவு மரியாதை?

அவருக்கேதான். மைக்கில் சின்னப்பன், “மறைந்த மிக்கேல் அண்ணாச்சியின் ஆன்மா இளைப்பாற...” என்றார்.

“நான் சாகலவே!”

முன்வரிசையில் ஒரு அம்மா மயங்கிச் சரிந்தாள். சின்னப்பன் அசரவில்லை.

“செத்தவுக படம் மாதிரி மாலையோட, மாதா பக்கத்துல வானத்தப் பார்த்து நின்னா நாங்க என்னத்த நினைக்க? போனும் அணைஞ்சு கிடக்கு.”

“வந்துட்டேம்லா? தேர்தல நடத்தும்வே.”

“முடிஞ்சுட்டு அண்ணாச்சி. எதிர்த்து நிக்க ஆளில்லன்னு என்னையவே போட்டுட்டாவ. மொதத் தீர்மானம் உங்களுக்குத்தான். இந்தத் திருவிழா உங்க நினைவா நடக்கும்.”

அண்ணாச்சி வாசலுக்குப் பாய்ந்தார். பிளெக்ஸ் காலடியில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. குனிந்து ஊதி அணைத்தார். அங்கே முழந்தாளிட்டிருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மறுபடி பற்றவைத்தாள்.

“நேர்ந்துக்கிட்டு ஏத்தியிருக்கேன் அண்ணாச்சி. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, புனிதரு முகம் மறைக்கி.”